மறுபடியும் சொல்கிறேன்

இன்றைய ஊடகங்களில் கவிதைக்கு என்ன இடம் என்று நிதானமாக ஒரு கருத்துச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோலார் தங்கவயலில் நடந்த கவியரங்கத்தின் காதுவலி இன்னும் போகவில்லை. கருத்து கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கவிஞர் மைக்கைப் பிடித்தார். “மண்ணுக்குள் தங்கம்.” சரி. அண்ணாந்து பார்த்தார். “மண்ணுக்குள்... தங்கம்!” ஐயா, சுரங்கத்தை 2001லேயே மூடியாயிற்று. அடுத்த வரிக்குப் போவார் என்ற நப்பாசையில் கைதட்டினேன். அவர் அதை ‘ஒன்ஸ் மோர்’ என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு வரியை இரண்டு தரம் சொல்ல இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ரேஷன் கடைக்காரர் “சர்க்கரை இல்லை” என்று ஒரு தரம்தான் சொல்கிறார். வரிசை முழுக்கப் புரிந்துவிடுகிறது. மாரிகுப்பத்தில் விடியற்காலைப் பெங்களூர் ரயில் ஒரு தரம்தான் கிளம்புகிறது. விட்டால் அன்றைய கூலி போச்சு. சுகர் ரிப்போர்ட்டை டாக்டர் அண்ணாந்து பார்த்து இரண்டாம் தரம் வாசித்தால் கேட்க நாம் இருப்போமா? தாலி கட்டிய மாப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்து “மறுபடியும் கட்டுகிறேன்” என்றால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? பொங்கலன்று டிவியில் அரைமணி நேரக் கவியரங்கம். அதில் பாதி விளம்பரம். மிச்சத்தில் பாதி, சொன்னதையே சொன்னது. ஆக, அசல் கவிதை ஏழரை நிமிடம். ஏழரை! கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப் வந்தபோது, எழுத்தில் திரும்பச் சொல்ல முடியாதே என்று நிம்மதியாக இருந்தேன். முதலில் கவிதை வந்தது. பிறகு அதே கவிதை ரோஜாப் படத்தின் மேல் வந்தது. பிறகு புல்லாங்குழல் பின்னணியில் கவிஞரின் குரலிலேயே வந்தது, வரிக்கு இரண்டு தரம். கீழே வரிசையாக “அருமை”. அதில் ஒன்று நான் போட்டது, பகைத்துக்கொள்ள முடியுமா?

சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். வேண்டாதவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள வழியிருந்தது. செல்போனுக்குக் கதவு எங்கே?

இத்தனைக்கும் எங்கள் தங்கவயல் படிக்கிற ஊர். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின் தங்கவயலிலிருந்து வந்தது. அவர் எழுத்துகளைப் புத்தகமாக்கியது இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. அப்படிப்பட்ட ஊரில், காற்றடித்தால் சுரங்கக் கழிவான சயனைடு மேட்டுத் தூசி சோற்றுத் தட்டுவரை வருகிறதே, அதை அன்று மேடையேறிய ஒருவராவது ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் தங்கம்தான் வேண்டியிருக்கிறது.

நன்றியுரையும் கவிதையாகவே வந்தது. மைக்செட்காரர் அதில் ‘தங்க மனசுக்காரர்’ ஆனார், இரண்டு தரம். போன வருஷத்து வாடகையை இன்னும் ஒரு தரம்கூடக் கொடுக்கவில்லையாம்.