நீலத்திரைக் கல்வெட்டு: ஓவர்க்ளாக் வழுக்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மலிவு விலைக் கேமிங் கணினியின் வேகத்தை ஏற்றிவிட்டு, அது ஏன் நின்றுபோனது என்று துப்புத் துலக்குவது தமிழாய்வு இன்னும் எட்டிப் பார்க்காத துறை. கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் செலவான உழைப்பில் ஒரு துளிகூட, விண்டோஸ் நின்றுபோகும்போது பிழையின் பெயரோடு தோன்றும் நீலத்திரைக்குக் கிடைத்ததில்லை. அக்குறையைப் போக்குவதே நம் நோக்கம். ஆய்வுப் பொருள்: 2017இல் வெளிவந்த ரைசன் 3 1200 பிராசசர், பி350 போர்டு, பெட்டியோடு வந்த கூலர், ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய எஸ்.எம்.பி.எஸ். ஆய்வுக் காலம்: சென்னையின் மே மாதம்.

முதலில் முன்னோர் மரபு. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-வில் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக்கினால், 300 என்று விற்ற சரக்கு 450இல் ஓடியது. அதைப் பொற்காலம் என்க. 2000இல் வந்த ஏ.எம்.டி. டியூரான் சிப்பின் மேல், லேசரால் அறுத்துவிட்ட நுண்ணிய பாலங்களை ஆர்வலர்கள் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்து இணைத்தார்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பஸ் வேகத்தைப் பெருக்கிப் பிராசசர் வேகத்தைத் தரும் பெருக்கெண்ணின் பூட்டுத் திறந்துகொள்ளும். எழுதுகோலால் உலகத்துக்கு உடனடிப் பலன் கிடைத்த அரிய தருணங்களுள் இதுவும் ஒன்று.

இன்று பென்சிலும் வேண்டாம். பயாஸில் பெருக்கெண்ணை 31இலிருந்து 39 ஆக்கினால், நொடிக்கு 310 கோடித் துடிப்பு 390 கோடியாகிவிடும். வழக்கும் அங்கேதான் தொடங்குகிறது.

நின்றதற்குக் காரணம் சொல்வோர் மூன்று கட்சியினர். வோல்டேஜ் கட்சியினர் எதற்கும் "இன்னும் கொஞ்சம் வோல்ட் ஏத்துடா" என்பர். வெப்பக் கட்சியினர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பர். மூன்றாமவர் வீட்டுப் பெரியோர்: "ராத்திரி பகலா போட்டு ஓட்டினா நிக்காம என்ன பண்ணும்?" கருவி ஏதுமின்றி இவர்கள் கண்டடைந்த முடிவு, முதல் கட்சியின் முடிவைவிட உண்மைக்கு நெருக்கமானது.

ஏனெனில் மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். 3.1 கிகாஹெர்ட்ஸை 3.9 ஆக்க, 1.2 வோல்ட்டை 1.4 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். வேகம் 26 சதவீதம் கூடும். வெப்பமோ சுமார் 70 சதவீதம். கந்துவட்டிக்காரர்கூடக் கூசும் கணக்கு இது.

இனி கல்வெட்டு வாசிப்பு. நீலத்திரையில் 'டபிள்யூ.எச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எரர்' என்று வந்தால், தன்னால் திருத்த முடியாத பிழையை வன்பொருளே முறையிடுகிறது என்று பொருள். வேகம் ஏற்றிய கணினியில் முதல் ஐயம் வோல்டேஜ் போதாமை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பயாஸில் 1.35 என்று இருப்பது மூலபாடம். சுமை ஏறும்போது சிப்பை வந்தடைவது பாடபேதம், வழக்கமாகச் சற்றுக் குறைவு. லோட் லைன் காலிபரேஷன் என்னும் அமைப்பு இந்த இறக்கத்தைக் குறைக்கவே இருக்கிறது.

எழுத்தே இல்லாமல் பட்டென்று அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகியுங்கள். திரையே வராவிட்டால், ரேம் வேகத்தையும் சேர்த்து ஏற்றினீர்களா என்று உங்களையே கேளுங்கள். இதற்கு மருந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டிலுள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைப்பது. பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அணையாமல், ஆட்டம் மட்டும் சில நிமிடங்களில் திக்கத் தொடங்குகிறதா? சாக்கெட்டை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்னக் கறுப்புச் சதுரங்களைப் பாருங்கள். பிராசசருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் மாஸ்ஃபெட்கள் அவை. மலிவு போர்டுகள் பலவற்றில் அவற்றின் தலைமேல் ஹீட்சிங்க் இருக்காது. பிராசசர் 70 டிகிரி என்று திரை சொல்ல, நாம் நிம்மதியாயிருப்போம். அவை ஓரத்தில் வறுபட்டுக்கொண்டிருக்கும். தாங்காத கட்டத்தில் போர்டே வேகத்தைக் குறைத்துவிடும். குற்றம் பிராசசர் தலையில் விழும்.

மெய்ப்பித்தலுக்கு உரைகல் பிரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேடும் திட்டத்துக்காக ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய நிரல் இது. 1996இல் தொடங்கிய அத்திட்டத்தின் கருவி இன்று பிராசசர்களைக் கசக்கிப் பிழிகிறது. பிராசசர் கணக்கில் தப்பினால், பிழை 0.4க்குக் கீழ் இருந்திருக்க வேண்டும், 0.5 ஆகிவிட்டது என்று அறிவித்துவிட்டு நின்றுவிடும். இவ்வளவு சுருக்கமான மதிப்புரையை நம் ஏடுகளில் நான் கண்டதில்லை.

கடைசியாக, இத்தனை பாடும் தேவையா என்பதற்கு ஒரு சோதனை. ஆட்டத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்.பி.எஸ். ஏறினால் தடையாயிருப்பது கிராஃபிக்ஸ் கார்டு. மலிவுக் கணினியில் பெரும்பாலும் அதுதான். அப்படியானால் பிராசசரை 3.9க்கு ஏற்றியும் ஆட்டத்தில் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை. 3.7க்கு இறக்கி வைத்துவிட்டு விளையாடப் போங்கள்.