காட்டேரிக்கும் விருந்தாளிப் பதிவு உண்டு: அலோனில் தடைக்காதல் நாவல் எழுதும் முறை

பதினாறு வயதுக்காரர்கள் விழுந்து விழுந்து படிக்கும் நாவல் ஒன்றை எழுத ஆசையா? சூத்திரம் ஊரறிந்ததுதான். ஒரு கொடுங்கோல் அரசு, ஒரு சாதாரணப் பெண், மனிதப் பிறவியே அல்லாத ஒரு காதலன், இருவரும் சேரக் கூடாதென்று ஒரு சட்டம். அமெரிக்க எழுத்தாளர்கள் பாவம், இதற்காக உலகத்தையே ஒருமுறை அழித்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்தைத் தொடங்குகிறார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். மியான்மரில் யாங்கோனின் மேற்கு ஓரம், ஆற்றங்கரையில், மின் நிலையமும் துறைமுகமும் இருக்கும் அலோனில் கதையை வையுங்கள். பாதி வேலையை அரசாங்கம் முடித்து வைத்திருக்கிறது. மீதியைப் பேய்கள் பார்த்துக்கொள்ளும்.

படி 1: மக்களைப் பிரிக்கவும்

2011-இல் வந்த 'டைவர்ஜென்ட்' நாவலில் வெரோனிகா ராத் சிகாகோ மக்களை ஐந்து கூட்டமாகப் பிரித்தார். அதற்கு எவ்வளவு யோசித்திருப்பார்! மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் இந்த வேலையை மூன்றே நிறத்தில் முடித்துவிட்டது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், குடியுரிமை வழங்கப்பட்டவருக்குப் பச்சை. 1823-க்கு முன்பே அங்கே குடியிருந்த இனங்கள்தான் மண்ணின் இனங்கள் என்பது கணக்கு. அட்டையில் இனமும் மதமும் எழுதியிருக்கும்.

ஆகவே உங்கள் கதாநாயகன் அலோன் தமிழ்ப் பையன். கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். பையனுக்குத் தமிழைவிடப் பர்மிய மொழியில்தான் கோபம் சரளமாக வரும். ஆனால் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் நூறு வருஷம் தாமதம். கதாநாயகி பௌத்தப் பர்மியப் பெண். இதற்கு மேல் நீங்கள் எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

படி 2: காதலுக்குத் தடை போடவும்

லாரன் ஆலிவரின் 'டெலீரியம்' நாவலில் காதல் ஒரு நோய். பதினெட்டு வயதானதும் அறுவைச் சிகிச்சை செய்து நீக்கிவிடுவார்கள். அதற்கு மருத்துவமனை வேண்டும், மருத்துவர் வேண்டும், ஏகப்பட்ட செலவு. மியான்மர் 2015-இல் ஒரு நோட்டீசோடு வேலையை முடித்தது. பௌத்தப் பெண்ணும் பிற மதத்து ஆணும் மணக்க வேண்டுமானால் டவுன்ஷிப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் 14 நாள் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.

இந்த 14 நாளை வீணாக்காதீர்கள். நாளுக்கு ஓர் அத்தியாயம் வைத்தால் நாவல் முடிந்தது. நாவலைத் தமிழ்நாட்டுக்கு மாற்றினால் இன்னும் லாபம்: இந்தியாவின் 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இதே நோட்டீசை 30 நாள் ஒட்டி வைக்கிறது. இரண்டாம் பாகத்துக்கே இடம் இருக்கிறது.

படி 3: காதலனை இரவில் வரவழைக்கவும்

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' (2005) வந்ததிலிருந்து இந்தக் காட்சி கட்டாயம். 1901-இல் பிறந்து பதினேழு வயதிலேயே நின்றுபோன எட்வர்ட், ஜன்னல் வழியாக வந்து பெல்லா தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அலோனில் இதற்குச் சில நடைமுறைகள் உண்டு. இராணுவ ஆட்சி வந்த 2021 பிப்ரவரியிலேயே, வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியை வார்டு நிர்வாகியிடம் பதிய வேண்டும் என்ற பழைய விதியும் திரும்பி வந்தது. எனவே காட்டேரியானாலும் அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் எழுதிவிட்டுத்தான் ஜன்னல் ஏற வேண்டும். பிறந்த வருஷம் 1901 என்று எழுதினால் நிர்வாகி ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அதே மாதம் யாங்கோனில் இரவு 8 மணி முதல் காலை 4 வரை ஊரடங்கும் போட்டார்கள். இரவில் மட்டுமே நடமாடும் இனத்துக்கு இதைவிடக் கொடுமை எந்த நாவலிலும் இல்லை.

படி 4: பேயை உள்ளூரிலேயே வாங்கவும்

காதலன்தான் அமானுஷ்யப் பிறவியாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். பர்மாவின் பழைய கதையில் காதலிதான் அப்படி. காதலன் இந்தியன்!

இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் சகோதரர்கள் இருவர் தாதோன் கரையில் ஒதுங்குகிறார்கள். ஒருவர் கொல்லப்பட, மற்றவரான பியாட்டா தப்பி ஓடி, பதினோராம் நூற்றாண்டில் பகானை ஆண்ட அனோரதா மன்னரிடம் வேலைக்குச் சேர்கிறார். வேலை என்ன? பொப்பா மலைக்கு ஓடிப்போய் அரண்மனைக்குப் பூக் கொண்டு வருவது. போக மட்டும் சுமார் 50 கிலோமீட்டர். அதையும் நாளொன்றுக்குப் பத்துமுறை என்கிறார்கள் கதைசொல்லிகள். மலையில் மே வுன்னா என்ற அரக்கியைச் சந்திக்கிறார். அவள் மனிதரைத் தின்பவள் அல்ல, பூவைத் தின்பவள். இரண்டு மகன்கள் பிறக்கிறார்கள். பூ தாமதமாகிறது. மன்னர் பியாட்டாவைக் கொல்கிறார். மகன்களைத் தம்மோடு கொண்டுபோகிறார். மே வுன்னா நெஞ்சுடைந்து சாகிறாள்.

கதை இத்தோடு நிற்கவில்லை. வளர்ந்த மகன்களும், மண்டலே அருகே தௌங்பியோனில் எழுந்த பகோடாவுக்கு ஆளுக்கொரு செங்கல் வைக்கத் தவறியதற்காகக் கொல்லப்படுகிறார்கள். அந்தச் செங்கல்கள் இல்லாத வெற்றிடத்தை இன்றும் காட்டுவார்கள். பிறகு அதே மன்னர் ஆட்சியில் அண்ணன் தம்பி இருவரும் 'நாட்' என்னும் காவல் தெய்வங்கள் ஆகிறார்கள். ஆகஸ்ட் வாக்கில் அங்கே கூடும் திருவிழாவில் பக்தர்கள் பன்றிக்கறி தொடமாட்டார்கள். தெய்வங்களின் அப்பா முஸ்லிம் அல்லவா! மணப்பதற்குப் பதிவாளர் நோட்டீஸ் கேட்கும் நாட்டில், கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் பெரிய விழா.

நமக்கு இது புதிதும் அல்ல. ஆரியமாலையை விரும்பிய காத்தவராயனைக் கழுவில் ஏற்றினோம், பிறகு பொங்கல் வைத்தோம். வெள்ளையம்மாளை விரும்பிய மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கினோம், பிறகு மீனாட்சி கோயில் வாசலிலேயே இடம் கொடுத்தோம். காதலிக்கும்போது குற்றவாளி, செத்த பிறகு குலதெய்வம்.

படி 5: புரட்சியைச் சேர்க்கவும்

இங்கே ஒரு சிக்கல். 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) நாவலிலிருந்து மூன்று விரல் வணக்கத்தை நீங்கள் எடுக்க முடியாது. யாங்கோன் இளைஞர்கள் முந்திக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மியான்மர் தூதர் சோ மோ துன்னே மூன்று விரலைத் தூக்கிவிட்டார். சரி, பேய் விரட்டும் காட்சி வைக்கலாம் என்றால் அதுவும் முடிந்தது: இரவு எட்டு மணிக்கு நகரமே தட்டு, சட்டி, பானை தட்டிக் கெட்ட சக்தியை விரட்டியது. மந்திரத் துணி? பெண்கள் இடுப்பில் கட்டும் தமெய்னைத் தெருவுக்குக் குறுக்கே கொடியில் தொங்கவிட்டார்கள். அதன் கீழே நடந்தால் ஆண்மையின் மகிமை போய்விடும் என்ற நம்பிக்கையால் சிப்பாய்கள் தயங்கி நின்றார்கள். சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் காட்சியும் வேண்டாம். 2024-இல் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தபின் வார்டுகளில் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்ததாகச் செய்திகளே வந்துவிட்டன. ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27. உங்கள் நாயகன் நாயகி இருவருமே வயதுக்குப் பொருத்தம்.

தவிர்க்க வேண்டியவை

முக்கோணக் காதல் வேண்டாம். விண்ணப்பத்தில் மூன்றாம் ஆளுக்குக் கட்டம் கிடையாது. நாயகி தன்னைச் சாதாரணப் பெண் என்று அத்தியாயத்துக்கொருமுறை சொல்ல வேண்டாம். மே வுன்னா சொல்லவில்லை.

படி 6: முடிவு

காதலர்களைக் கொன்றுவிடத்தான் கை துறுதுறுக்கும். வேண்டாம். கொன்றுவிட்டுக் கோயில் கட்டும் முடிவை மன்னர்கள் ஆயிரம் வருஷமாக எழுதிவருகிறார்கள், அவர்களோடு போட்டி போட முடியாது. யாரும் துணியாத ஒன்றை எழுதுங்கள். அலோனில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். மக்கள் வருகிறார்கள், படிக்கிறார்கள், வெற்றிலை வாங்கப் போய்விடுகிறார்கள். பதினான்காம் நாளும் முடிகிறது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பதிவாளர் முத்திரை குத்துகிறார்.

பதிப்பாசிரியர் கூப்பிட்டு, "காட்டேரி சரி, பூத்தின்னும் அரக்கி சரி, இது மட்டும் நம்பும்படி இல்லையே" என்பார். அந்தப் பக்கத்தை மட்டும் வெட்ட விடாதீர்கள்.