தோள் கழலியல்: ஒரு சிறு வகைப்பாடு

மேற்கை எலும்பின் தலை பெரிது. அது அமரும் கிண்ணமோ சிறிது, ஆழமும் இல்லை. கையை எத்திசையிலும் வீசும் வரத்தோடு வந்த சாபம் இது. ஆகவே பெரிய மூட்டுகளில் அடிக்கடி இடம் பெயர்வது தோளே. பெயரும் திசை மூன்று.

முன்கழலல்: 100இல் ஏறத்தாழ 95 இதுவே. கையூன்றி விழுந்தோரும் கபடியில் கை பின்னே இழுபட்டோரும் இக்குலத்தார். தோளின் உருட்சி போய் மூலை தெரியும். கழன்ற கையை மற்றக் கை ஏந்தி வரும். மருத்துவமனை வாயிற்காவலரே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் இதில் புலமைக்கு வேலை குறைவு.

பின்கழலல்: கூச்ச சுபாவம் உடையது. வலிப்பு வந்தவரிடமும் மின்சாரம் தாக்கியவரிடமும் ஒளிந்திருக்கும். கையை உள்ளே திருப்பும் தசைகள் வலியவை. எல்லாத் தசைகளும் ஒருசேர இறுகும்போது அவையே வென்று எலும்பைப் பின்னுக்குத் தள்ளிவிடும். நேரே எடுத்த எக்ஸ்ரேயில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். "சும்மா சுளுக்குதான்" என்று வீட்டுக்கு அனுப்பப்படுவோர் உண்டு. கையை வெளியே திருப்பச் சொல்லுங்கள், திரும்பாது. உடனே வேறு கோணத்தில் இன்னொரு படம் கேட்க வேண்டும். தனி நூல் பெறத் தகுந்தது இவ்வகையே. உரையாசிரியர்கள் முன்கழலலிலேயே களைத்துப்போகிறார்கள்.

கீழ்க்கழலல்: மிக அரிது. கை தலைக்கு மேலேயே நின்றுவிடும், இறங்காது. விடை தெரிந்த மாணவன் என்று சிரிக்கத் தோன்றும். அக்குளில் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கியிருக்கலாம் என்று அறிந்தோர் சிரியார்.

போலி: தோள்முனையில் அடிபட விழுந்து காறை எலும்பு மேலே துருத்துவது. இதையும் "தோள்பட்டை இறங்கிடுச்சு" என்பார்கள், மூட்டே வேறு. ராக்வுட் 1984இல் இதை ஆறாக வகுத்தார். முதல் இரண்டுக்கு ஸ்லிங், கடைசி மூன்றுக்குப் பெரும்பாலும் அறுவை. இடையில் நிற்கும் மூன்றாவது, மாநாடுகள் தொய்வின்றி நடப்பதற்காகப் படைக்கப்பட்டது.

இனி, பூட்டுவோர். ஹிப்போக்ரட்டிஸ் மரபினர் அக்குளில் குதிகாலை ஊன்றி இழுப்பர். கோக்கர் 1870இல் இழுக்காமல் திருப்பும் முறையைச் சொன்னார். மூன்றாம் பிரிவினர் சித்தப்பாமார். முறிவு உண்டா, நரம்பு பிழைத்ததா என்று பாராமலே கையைப் பற்றுவர்.

பூட்டியபின் இளைஞருக்கு மறுபடி கழலும். கிண்ண விளிம்பு கிழிந்திருப்பதே காரணம் என்று 1923இல் பாங்கார்ட் எழுதினார். நாற்பதைக் கடந்தவருக்குக் கிழிவது பெரும்பாலும் தசைநாண்.

எஞ்சியோர், நண்பர் கூட்டத்தில் தோளை வேண்டுமென்றே கழற்றிக் காட்டுவோர். இவர்களுக்குக் கத்தி எடுக்க மருத்துவர் தயங்குவர். தசைப் பயிற்சி கொடுப்பர். வேடிக்கை பார்ப்போரையும் கலைத்துவிடுவர்.