கத்திரி வெயிலில் பாய்லர் மூட்டுகிற பேரனுக்கு

ஏனப்புனு, கத்திரி வெயிலு மண்டையப் பொளக்குது, பொறக்கடையில பொகை வருது. சோளத்தட்டுப் போருதான் பத்திக்கிச்சோன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடியாறேன். வந்து பாத்தா பாய்லரு மூட்டிப்போட்டுக் குத்தவெச்சிருக்கறே. கையில தெர்மாமீட்டரு, காதுல வயரு. பெங்களூருல ஏசி ரூமுக்குள்ளயே கெடந்து ஒடம்பு வெறைச்சுப் போச்சாட்ட இருக்குது. காயட்டும்.

அந்தத் தெர்மாமீட்டரத்தான் கொஞ்சம் மாடிக்கும் கொண்டுபோயேன். கருப்பு டேங்குக் கொழாயத் தொறந்து நீட்டிப் பாரு. இந்த வெயிலுக்கு மத்தியானத்துல 40 டிகிரி காட்டுனாலும் காட்டும். தண்ணி வாத்துக்கறதுக்கு அதுக்கு மேல என்னடா சூடு வேணும்? நாங்க அதப் புடிச்சு வெச்சு, ஆற உட்டுக் குளிக்கறோம். நீ அதையே எடுத்து ஊத்தி இன்னொருக்கா காய்ச்சறே. இஞ்சினீரு படிச்ச புள்ள, ஏதாவது காரணம் இருக்கும்.

கோடையில பாய்லரே மூட்டக்கூடாதுன்னு நான் சொல்லலே. சனிக்கெழம எண்ணெ தேச்சா வேணும். உன்ற மாமன் மவ கைப்புள்ளையோட வந்திருக்கறா, அதுக்கு வெடியக்காலம் ஒரு போசி வேணும். அதுக்குத் தேங்காத்தொட்டி ஒரு கையளவும் காஞ்ச மட்டை ரெண்டும் தாராளம். பத்தவெக்கறதுக்கு ஒரு பன்னாடை போதும். மொறைக்காதடா, தென்னையில தொங்கறதச் சொன்னேன்.

இப்ப உன்ற திட்டத்தச் சொல்லு. அப்கிரேடு பண்ணோணுமா? முன்னால இது எப்புடி ஓடுதுன்னு குனிஞ்சு பாரு. நடுவுல ஒரு குழல் போகுது, தீ அதுக்குள்ள, தண்ணி அதச் சுத்தி. ஓரத்துல புனல் இருக்குதா? அதுல ஒரு செம்பு பச்சத்தண்ணி ஊத்துனா அது நேரா அடிக்குப் போயிரும். மேல நிக்கற சூட்டுத்தண்ணி ஒரு செம்பு மூக்கு வழியா வெளிய வரும். குடுத்தாத்தான் குடுக்கும். உங்கப்பனாட்ட எழுதி வெச்சுக்குங்க மாமான்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போக முடியாது. மாப்பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லிப்போடாத. இப்புடி ஊத்தி ஊத்தி எடுக்கறதாலதான் தவலை எப்பவும் நெறஞ்சு கெடக்குது. தண்ணி இல்லாம மூட்டுனா ஈயத்துல வெச்ச ஒட்டெல்லாம் எளகி ஊத்திரும். ஈயப்பத்து அந்தச் சூட்டத் தாங்காது.

அந்த மூக்க அடைச்சு, வால்வு வெச்சு, ஷவருக்குக் கொழாய் இழுக்கறேங்கறியே, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா 1,600 லிட்டருக்கு மேல எடம் கேக்கும். நீ எல்லா வாயையும் அடைச்சிட்டா அது எங்க போகும்? தகட்டப் பொளந்துக்கிட்டுப் போகும். குளிக்கப் போனவன் குளிச்சானா இல்லியான்னு சொல்லக்கூட ஆள் இருக்காது. மூக்கும் புனலும் எப்பவும் தொறந்தே கெடக்கோணும். இதுல மட்டும் நான் வெளையாடலே.

அப்பறம் அந்த ஊதுகாத்தாடி. கரண்டு வெச்சுக் காத்து ஊதுனா தீ நல்லாத்தான் எரியும். ஆனா குழலு உன்ற ஒசரம்கூட இல்ல. நீ ஊதற ஊதுல சூடு தண்ணியத் தொட்டும் தொடாம மேல பறந்துரும். காக்காய்க்கு வெந்நி வெக்கறதுக்கா இவ்வளவு செலவு? ஒரு பட்டை இரும்ப முறுக்கிக் குழலுக்குள்ள தொங்க உடு. பொகை சுத்திச் சுத்தி ஏறும், போற வழியில சூட்டச் செம்புத் தகட்டுக்குக் குடுத்துட்டுப் போகும். ஆலையில இருக்கற பெரிய பாய்லருக்குள்ளயும் இந்த முறுக்குப் பட்டைதான் போடறாங்க. பட்டறைக்காரனுக்கு ஒரு டீக் காசுதான் செலவு. ஆனா செல்லுல படம் புடிச்சுப் போட்டா எவனும் லைக்கு போடமாட்டான், அதுதான் கஷ்டம்.

நெசமா மேம்படுத்தோணும்னா சீமாத்துக் குச்சிய எடு. குழலுக்குள்ள வருசக்கணக்கா கரி அப்பிக் கெடக்குது. கரி சூட்ட உள்ள உடாது. தண்ணிப் பக்கம் பாத்தா, நம்ம போர்த்தண்ணி உப்பு வெள்ளையாப் படிஞ்சு சுண்ணாம்புச் செவுராட்ட நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல செம்பு மாட்டிக்கிட்டுக் கெடக்குது. கரியச் சொரண்டு. உப்புக்கு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு உட்டு ஊற வெச்சு, நல்லாக் கழுவி ஊத்து. அடியில கம்பி துருப்புடிச்சுத் தொங்குது பாரு, அத மாத்திக் கொஞ்சம் தூக்கி வெச்சா தீக்கு அடியில காத்து ஓடும். இதெல்லாம் தை மாசத்துல பண்ண முடியுமா? அப்ப வெடியறதுக்குள்ள வீட்டுல அத்தன பேரும் போசியத் தூக்கிக்கிட்டு வரிசையில நிப்பாங்க. பாய்லரு சும்மா கெடக்கற காலம் இதுதான். நீ சும்மா கெடக்கற காலமும் இதுதான்.

வெறகுக்கும் இதுதான் காலம். பச்ச வெறகுல பாதி எடை தண்ணி. அத எரிச்சா, வெறகுக்குள்ள இருக்கற தண்ணியக் காய்ச்சி முடிச்சுட்டுத்தான் தவலைத் தண்ணிக்கே வரும். தோட்டத்துல வேலமரம் ஒண்ணு சாஞ்சு கெடக்குது. வெட்டிப் பொளந்து, கல்லு மேல தூக்கி அடுக்கு. மேல மட்டும் மூடு, பக்கம் தொறந்தே இருக்கட்டும், காத்து போகோணும். காஞ்சுதான்னு பாக்கறதுக்கு உன்ற மெஷினு வேண்டாம். ரெண்டு துண்ட எடுத்துத் தட்டு. டங்குன்னா காஞ்சது, தொப்புன்னா காயலே. எடுக்கறப்பக் கையப் பாத்து வையி, தேளு இருக்கும். அரளி மட்டும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது, அதோட பொகையும் வெசம்.

நேத்து ராத்திரி அள்ளுன சாம்பல எங்க கொட்டுனே? குப்பமேட்டுல. சாம்பலுக்குள்ள கங்கு வெடிய வெடிய உசுரோட கெடக்கும்டா. தட்டுப்போரு பத்தடி தள்ளி. தண்ணி தெளிச்சுக் கொட்டு. பொகைக்கொழாய் வாயில ஒரு கம்பிவலையும் கட்டு. வைகாசிக் காத்துக்கு ஒரு பொறி போதும்.

சோலாரு வெக்கலாமுங்கறியா? வெச்சுக்க. எதுத்த தோட்டத்துல மாடி மேல வெச்சிருக்காங்க. சித்திரையில தொறந்தா கோழியப் போட்டு ரோமம் உரிக்கலாம், அவ்வளவு சூடு. ஐப்பசி அடமழையில மேகம் மூடுனா, அந்தத் தோட்டத்தம்மா நம்மூட்டு வாசல்ல போசியோட நிக்கும். சூரியன் உள்ள காலத்துல வெந்நி குடுக்கறது ஒரு உபகாரமா? இருந்தாலும் ரெண்டும் இருந்தா வெறகு மிச்சமாகும், அத ஒத்துக்கறேன்.

செரி, வெயிலு ஏறுது. மொதல்ல அந்தத் தீயத் தணி, குழலு ஆறட்டும். சாயந்தரம் கரி சொரண்டு. நாளைக்கு வெறகு. சனிக்கெழமைக்கு நான் எண்ணெ தேச்சுக்கிட்டு வந்து உக்காருவேன், மூட்டறது நீதான். அப்பறம், அந்த ஊதுகாத்தாடிக்குன்னு காசு ஒதுக்கி வெச்சிருப்பியே, அது எவ்வளவுன்னு சொல்லு. எனக்கு மல்லு வேட்டி ரெண்டு எடுக்கோணும்.