ஸெனித்தின் கட்சிக் கரை

பழைய ஃபிலிம் கேமராவைப் படம் எடுப்பதைவிடப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் படம் எடுத்துவிடலாம். குழந்தை அழும், திரும்பிக்கொள்ளும்; ஆனால் உங்கள் முகத்தைத் தன் நெற்றியில் காட்டாது. கேமரா காட்டும். அந்தக் காலத்தில் மேல்தகட்டுக்குக் குரோமியம் பூசி, முகப்பில் கண்ணாடி வைத்து, மிச்ச உடம்புக்குக் கறுப்புத் தோல் ஒட்டிவிட்டார்கள். குரோமியம் அறையில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். கறுப்புத் தோல் கொடுத்த வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

என் ஸெனித்-ஈ காட்டிக்கொடுப்பதில் கெட்டி. மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1965 முதல் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய கேமரா. லென்ஸோடு ஒரு கிலோவை நெருங்கும். திருடன் வந்தால் படமும் எடுக்கலாம், அடிக்கவும் செய்யலாம். விற்றுவிடலாம் என்று மேஜையில் வைத்து மொபைலில் எடுத்தேன். அதன் நெற்றியில் டியூப்லைட், மின்விசிறி, கொடியில் காயும் துண்டு, நடுவில் பனியனோடு நான். வாங்க வருகிறவர் வீட்டையும் சேர்த்தா விற்கிறீர்கள் என்று கேட்பார்.

இதற்கு மருந்து ஒளிக்கூடாரம். பளபளக்கும் பொருளின் மேல் நேராக வெளிச்சம் அடித்துப் பயனில்லை. அது பார்க்கிற பக்கமெல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். கூடாரம் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. பரணில் கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி இருக்கும்போது காசு கொடுக்க மனசு வருமா? மேலே ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக ஜன்னல் வெட்டினேன். வெள்ளைச் சார்ட்டை மடிப்பு விழாமல் பின்சுவரிலிருந்து வளைத்துத் தரைக்கு இறக்கினேன். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி வேண்டும் என்றதும் அம்மா பீரோவிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துப் போட்டாள்.

"இதைக் கிழிச்சுக்கோடா. தேர்தல்தான் முடிஞ்சு போச்சே."

வேட்டி வெளிச்சத்தை அருமையாகப் பரப்பியது. கரையையும் சேர்த்துப் பரப்பியது. ஸெனித்தின் மேல்தகட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்சிக் கரை ஓடியது. 1991இல் சோவியத் ஒன்றியமே கலைந்தபோதும் கட்சி மாறாத கேமரா, எங்கள் வீட்டுக் கூடத்தில் மாறிவிட்டது. கரையை வெட்டி எறிந்து அதைச் சுயேச்சையாக்கினேன்.

வெளிச்சத்துக்கு இரண்டு மேஜை விளக்குகள். இரண்டிலும் ஒரே நிற பல்பு வேண்டும். 6500 கெல்வினும் 2700 கெல்வினும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் செய்யாது. பிறகு மொபைல். சுற்றிலும் வெள்ளையைக் கண்டதும் அதற்கு வெளிச்சம் ஜாஸ்தி என்று தோன்றிவிடுகிறது. தானே குறைத்துச் சார்ட்டைச் சிமெண்ட் நிறமாக்குகிறது. ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை நாமாக ஏற்ற வேண்டும். இதற்கு நடுவில் அது ஸெனித்தைச் சாப்பாடு என்று தீர்மானித்து, ருசியாகத் தெரிய நிறம் வேறு கூட்டியது.

எல்லாம் வெள்ளையானால் இன்னொரு வம்பு: குரோமியத்தின் விளிம்பு பின்னணியோடு கரைந்து, கேமராவுக்குத் தலை இல்லாமல் போகிறது. படத்தில் விழாதபடி இரண்டு பக்கமும் கறுப்புச் சார்ட் துண்டு நிறுத்தினேன். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்து தலை திரும்பக் கிடைத்தது. இந்த வேலையில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது இதுதான்.

"என்னங்க, நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு லைட் போடலையே" என்றாள் மனைவி. பதில் சொல்லாமல் என் இன்னொரு பழைய கேமராவான அக்ஃபா கிளிக் III-ஐ உள்ளே வைத்தேன். வெயிலா, மேகமா என்பதற்கு மேல் அதிகம் கேட்காமல், 120 ஃபிலிமில் ஒரு ரோலுக்கு 12 என்று ஒரு தலைமுறையையே சதுரமாக்கிய சாது அது. உள்ளேயும் தொல்லை கொடுக்கவில்லை.

விற்பனைக்குப் போட்ட ஸெனித் படத்தைப் பார்த்து ஒருவர் அழைத்தார்.

"சார், பளிச்சுனு இருக்கு. பாக்ஸோட வருமா?"

பழைய கேமரா சேர்ப்பவர்களுக்கு, அது வந்த அட்டைப்பெட்டியும் இருந்தால் தனி விலை.

"பாக்ஸ் இருக்கு சார்," என்றேன். "ஆனா மேல ரெண்டு லிட்டர் கிரைண்டர்னு போட்டிருக்கும்."