ராதாபுரம் வட்டார நாய்க்குட்டிகளின் தனிமை ஏற்பு: ஒரு செருப்பியல் நோக்கு

1. முன்னுரை

எந்த ஆய்வும் தொல்காப்பியத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. தொடங்கிவிட்டோம். அதன் மரபியல் நாயின் இளமைக்குக் குருளை என்று பெயர் சூட்டுகிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வள்ளியூருக்குப் போனால் அது கதவைப் பிறாண்டுமா என்று சொல்லவில்லை. அவ்விடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

2. வகைப்பாடு

தனித்து விடப்பட்ட குட்டிகள் மூவகை: அழுவன, கடிப்பன, தூங்குவன. தூங்குவனவற்றில் ஆய்வுக்கு ஒன்றுமில்லை. கடிப்பன பற்றிய குறிப்பேட்டைக் குட்டி தின்றுவிட்டது.

3. செருப்பியல்

குட்டி அழத் தொடங்குவது கதவு மூடும்போதன்று, செருப்பு மாட்டும்போதே. சோறு வருமுன் கேட்கும் ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டிய பாவ்லவ் 1904-இல் நோபல் பரிசு வாங்கினார். அதுவும் செரிமான ஆய்வுக்கு. செருப்பைக் கண்டாலே குட்டி ஊளையிடும் என்பதை எங்கள் தெரு ஆச்சி பரிசில்லாமலே கண்டறிந்தார் (ஆச்சி, திண்ணைப் பதிப்பு, வெற்றிலைக்கு முன்).

செருப்பு இருவகைப்படும். ரப்பர் செருப்பு கொல்லைக்கு; குட்டி அசையாது. தோல் செருப்பு பஸ் ஏற, ஊளை உறுதி. கையில் பையும் இருந்தால் ஊளை இரட்டிக்கும். சாவிக்கொத்தின் ஓசைக்குத் தனி அதிகாரம் வேண்டும்.

மருந்தும் செருப்பிலேயே இருக்கிறது. தோல் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கும் போகாமல் உட்கார வேண்டும். காபி குடிக்கலாம். பலமுறை செய்தால், இந்தச் செருப்புக்கு அர்த்தமே இல்லை என்று குட்டி முடிவுகட்டும். அதன்பின் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை. கத்துமுன் திரும்பிவிட வேண்டும். புறப்படும்போது கொஞ்சலும் வேண்டாம், வந்ததும் ஆரத்தியும் வேண்டாம். “ஏல, நீ என்ன துபாய்க்கா போற, இப்படிக் கொஞ்சிட்டு நிக்க?” (ஆச்சி, மேற்படி, வெற்றிலைக்குப் பின். ஆனால் மறுநாள் ஆச்சியே குட்டிக்குக் கையசைத்துப் புறப்பட்டதாக ஒரு பாடபேதம் உண்டு: அடுத்த வீட்டுப் பிரதி, மதில்மேல் ஏறிப் பார்த்தது, ஓரம் சிதைந்தது, இடைச்செருகலாகலாம்.)

4. புதுச் சூழல்

குட்டி அஞ்சுவது தனிமைக்கு மட்டுமன்று. பிறந்த 3 முதல் 12 வாரத்துக்குள் பழகியதற்குக் குட்டி பின்னாளில் எளிதில் அஞ்சாது; நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-இல் வெளியிட்ட நூல் இப்பருவத்தை வலியுறுத்துகிறது. ராதாபுரத்தில் பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து கதவை அறையும் ஆடிக்காற்று, காற்றாலை, வரகுணபாண்டீஸ்வரர் கோயில் மேளம், குக்கர் விசில். ஒரு நாளைக்கு ஒன்று, தூரத்திலிருந்து, தின்ன ஏதாவது கொடுத்து. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்காமல் தூக்கிக்கொண்டே காட்டுக.

5. ஒப்பியல்

நெறியாளர்கள் ஆய்வு மாணவரை எந்தப் பயிற்சியும் இல்லாமல் மாதக்கணக்கில் தனியே விடுகிறார்கள். அது வேறு துறை. அங்கே ஊளை பதிவாவதில்லை.

6. முடிவு

செருப்பைப் போடுங்கள், போங்கள், கத்துமுன் வாருங்கள். அதற்கும் அடங்காமல் தன்னையே கடித்துக்கொள்ளும் குட்டியைத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே அடிக்குறிப்பு கேட்க மாட்டார்கள். மேலாய்வு தேவையில்லை.