உங்க இஷ்டம், சம்பந்தி!

சம்பந்தி வீட்டாரோடு திருப்பதிக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம். ஜப்பானுக்குப் போகலாமா என்பது பற்றிப் பெரியவர்கள் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். இந்த ஏழு வருஷத்தில் இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் "வேண்டாம்" என்று சொன்னதே கிடையாது. அவர்கள் வீட்டுக் காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தாலும் "பிரமாதம்" என்றுதான் குடிப்பேன். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அவர்களுக்குத் தெரியவே நாலு வருஷமாயிற்று.

இப்படிப்பட்ட நாலு பேரைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை தீபாவளியன்று சொன்னார்: "நாலு பேரும் சேர்ந்து சகுரா பார்த்துட்டு வாங்களேன்!"

சகுரா என்ற செர்ரிப் பூவிடம் ஒரு தொல்லை. முழுசாக மலர்ந்தபின் ஒரு வாரம் நின்றாலே பெரிசு. ஒரு மழை, ஒரு காற்று போதும், எல்லாம் தரையில். டோக்கியோவில் பெரும்பாலும் மார்ச் கடைசியில் மலரும், ஆனால் வருஷத்துக்கு வருஷம் முன்பின் ஆகும். கியோட்டோவில் பூத்த நாள் கணக்கு கி.பி. 812லிருந்து கிடைக்கிறது. அதுவரை இல்லாத அவசரமாக, 2021இல் மார்ச் 26ஆம் தேதியே அங்கே முழுசாக மலர்ந்துவிட்டதாம்.

இதைச் சொன்னதும் சம்பந்தி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "பங்குனி பத்து வாக்கில அப்பா திதி வருது. பரவாயில்லை, நீங்க சொல்ற தேதிக்கே போகலாம். உங்க இஷ்டம்."

அப்பா திதியை விட்டுவிட்டு வாருங்கள் என்று பெண்ணைப் பெற்றவன் சொல்ல முடியுமா? "சேச்சே, ஏப்ரல்லயே போவோம். உங்க இஷ்டம்" என்றேன். ஏப்ரல் 2ஆம் தேதி என் மச்சினன் மகளுக்கு வளைகாப்பு. என் மனைவி அதை அவர்களிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள், ராத்திரி பதினொரு மணிக்கு.

இப்படி இஷ்டத்தை மாற்றி மாற்றிக் கொடுத்ததில் மூன்று மாதம் போயிற்று. அதற்குள் டிக்கெட் விலை ஏறியது. அது யார் இஷ்டத்தையும் கேட்கவில்லை.

அடுத்தது பெட்டி. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் ரயிலில், நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 செ.மீ.யைத் தாண்டினால் அந்தப் பெட்டிக்கென்று தனி இடம் உள்ள இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். சம்பந்தி வீட்டில் காபி வருகிற இடைவெளியில் டேப்பை எடுத்து அவர்கள் பெட்டியை அளந்தேன். 78, 52, 33. மொத்தம் 163. "மூணு சென்டிமீட்டர் கூட இருக்கு, வேற பெட்டி எடுங்க" என்று சொல்லலாம் என்று நிமிர்ந்தபோதுதான் பெட்டியின் மூலையில் இருந்த மஞ்சள் பொட்டைப் பார்த்தேன். கல்யாணச் சீரில் நாங்களே வைத்த பெட்டி!

"ராசியான பெட்டி. அதைத்தான் எடுத்துட்டு வரப்போறோம்" என்று பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் குரல். டேப் சடக்கென்று சுருண்டுகொண்டது. நானும்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னொரு சங்கடம். நாங்கள் நால்வரும் சைவம். அங்கே வெறும் காய்கறி சூப் என்று நம்பிக் குடிப்பதிலும் பெரும்பாலும் டாஷி என்ற மீன் சாறு இருக்கும். "நீங்க சிரமப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று இரண்டு அம்மாக்களும் சொல்லிக்கொண்டார்கள். விளைவு, இரண்டு வீட்டிலும் தலா இரண்டு கிலோ பருப்புப்பொடி, ஒரு பெரிய டப்பா புளிக்காய்ச்சல்.

நால்வரும் ஒருமனதாக மகிழ்ந்தது ஒரே ஒரு செய்தியில்தான். ஜப்பானியக் கழிவறையில் பட்டனைத் தட்டினால் வெதுவெதுப்பான தண்ணீர் பீச்சுமாம். "நாகரிகம்னா இதுதான்" என்றார் சம்பந்தி. மறுபேச்சே இல்லை.

மற்றதிலெல்லாம் இழுபறிதான். சகுரா விஷயத்தில் அந்த இழுபறி கிடையாது. பூத்துவிட்டதா என்று பார்ப்பதற்கென்றே டோக்கியோ யாசுகுனி ஆலயத்தில் மாதிரி மரம் ஒன்று உண்டு. வானிலைத் துறை அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்து எண்ணுவார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் போதும், டோக்கியோவில் சகுரா பூத்துவிட்டது என்று அறிவித்துவிடுவார். மற்ற மரங்களைக் கூப்பிட்டு "உங்க இஷ்டம் என்ன?" என்றெல்லாம் கேட்பதில்லை. எங்களுக்கும் அப்படி ஓர் அதிகாரி தேவைப்பட்டார்.

நேற்று மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். "சீட் போடணும். ஜன்னல் யாருக்கு?"

"அவங்களுக்கே கொடுங்க" என்றேன் நான். "இல்லல்ல, அவங்களுக்கு" என்றார் சம்பந்தி. "எனக்கு எங்கேன்னாலும் சரி" என்றாள் என் மனைவி.

"எனக்கு வேணும்" என்றார் சம்பந்தியம்மா. "அறுபத்தாறு வயசுல மொதல் தடவையா பிளேன் ஏறப்போறேன். ஜன்னல் எனக்குத்தான்."

திரையில் ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. நெட் போய்விட்டது என்றுகூட நினைத்தேன். பிறகு என் மனைவி மெதுவாக, "அப்ப எனக்கு நடு சீட் வேண்டாம். ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கணும்" என்றாள்.

மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். இரண்டு பூ.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்: "சம்பந்தி, அந்தப் பெட்டி விஷயமா..."